மூங்கில் குச்சிகளும் ஒரு கணிதப் பேராசிரியரும்

(ரப்பர்த் தோட்டமொன்றின் சமூக மண்டபத்தில், தொழிலாளர் குடும்பங்களின் முன்னிலையில் நாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சென்ற முறை நாம் இத்தோட்டத்திற்கு வந்திருந்தபோது, பால் நிறுக்கும் கொட்டகையின் அருகே ஒரு தாய் நம்மை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, என் மகள் கணக்கில் கெட்டிக்காரியாக இருக்கிறாள் என்று பள்ளியில் சொல்கிறார்கள். ஆனால், கணக்குப் படித்து அவள் என்ன ஆகப் போகிறாள்? கடைக்கு வேலைக்குப் போவதற்குக் கூட்டலும் கழித்தலும் போதாதா?" என்பது அவர் கேள்வி. அன்று நாம் ஏதோ ஆறுதல் மொழி கூறிச் சென்றோம். அது விடையன்று என்பதை அந்தத் தாயும் அறிந்திருப்பார், நாமும் அறிவோம். இன்று அக்கேள்விக்கு முறையாக விடை கூற வேண்டும் என்னும் எண்ணத்துடனேயே வந்திருக்கிறோம்.

அண்மையில் நாம் சிங்கப்பூர் சென்றிருந்தோம். உங்களில் பலர் அந்நகரைக் கண்டிருப்பீர்கள். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மனை வணங்கி, தேக்கா சந்தையில் கீரையும் மீனும் பேரம் பேசி, நகைக்கடை வாயிலில் நின்று தங்கத்தின் விலையைக் கேட்டுப் பெருமூச்சு விட்டுத் திரும்பியிருப்பீர்கள். அந்தத் தேக்கா என்னும் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? அது தமிழ்ச் சொல் அன்று. தேக்கு மரத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஹொக்கியன் சீனத்தில் 'தெக் கியா கா' என்றால் சிறு மூங்கில்களின் அடிவாரம் என்று பொருள். ஒரு காலத்தில் அங்கே ஓடிய கால்வாயின் கரையில் மூங்கில் வளர்ந்திருந்தது. இன்று நாம் சொல்லப் போகும் செய்தியும் மூங்கிலிலிருந்தே தொடங்குகிறது.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக விளங்கியவர் லாம் லே யோங் அம்மையார். அவர் 1936ஆம் ஆண்டில் பிறந்தவர். அவருடைய தாய்வழிப் பாட்டனார் யார் என்று சொன்னால் ரப்பர் மரத்தோடு வாழும் நீங்கள் வியப்படைவீர்கள். 1890இல் சீனத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து, 1906ஆம் ஆண்டளவில் தம் அன்னாசித் தோட்டத்தின் நடுவே ரப்பர் விதைகளை ஊன்றி, பின்னாளில் ரப்பர் அரசர் எனப் புகழ்பெற்ற தான் கா கீ அவர்களே அப்பாட்டனார். தான் கா கீயின் மருமகனாகிய லீ கோங் சியான் என்னும் மற்றொரு ரப்பர்ச் செல்வர் அம்மையாருக்கு உறவு முறையில் பெரியப்பா ஆவார்.

இவ்விருவரும் ஈட்டிய செல்வத்தின் பெரும் பகுதி கல்விக்கே சென்றது. தான் கா கீ 1921இல் சீனத்தின் சியாமென் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தையே நிறுவினார். உலக வாணிபம் வீழ்ந்து, 1934இல் அவருடைய நிறுவனம் மூடப்பட்ட பின்னரும் கல்விக்கான தொண்டை அவர் கைவிடவில்லை. லீ கோங் சியான், சிங்கப்பூரில் பொதுமக்களுக்கான இலவச நூலகம் அமைவதற்கு 1953இல் 3,75,000 வெள்ளி வழங்க முன்வந்தார். அந்நூலகத்தில் மக்களின் தாய்மொழி நூல்களும் இடம்பெற வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. இன்று சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் ஆய்வுப் பகுதி அவர் பெயராலேயே வழங்குகிறது. அங்கே தமிழ் நூல்களும் அடுக்கில் இருக்கின்றன. ரப்பர்ப் பணம் வெறும் சந்தை விலையால் மட்டும் பிறந்ததன்று. விடியுமுன் தலைவிளக்குடன் நிரையில் நடந்த கைகளும் அதன் அடியில் இருந்தன. ஆகவே, அந்நூலகத்தின் வாயிலில் நின்றபோது, இதில் நம் பாட்டன் பாட்டியரின் வியர்வையும் ஓரளவு கலந்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை.

செல்வர் வீட்டுப் பிள்ளை படித்ததில் என்ன அதிசயம் என்று சிலர் கேட்கலாம். செல்வம் பள்ளியின் வாயில் வரை கொண்டு சேர்க்கும். உள்ளே சென்று கற்பது அவரவர் உழைப்பே ஆகும். அம்மையார் 1957ஆம் ஆண்டில், அன்று சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். மேற்படிப்பிற்காகக் கேம்பிரிட்ஜ் சென்றார். 1966இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கேயே விரிவுரையாளராகப் பணியாற்றினார். 1988இல் முழுப் பேராசிரியராக உயர்ந்து, 1996இல் ஓய்வு பெற்றார். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியப் பணி! நம்மைப்போல் சில ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவர்களுக்கே அந்த எண்ணிக்கையின் பெருமை நன்கு விளங்கும்.

அவர் பயின்ற புக்கிட் தீமா வளாகம் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை அடுத்து அமைந்தது. அப்பூங்காவோ உங்கள் தொழிலின் பிறப்பிடம். இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 1877இல் 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டன. 1888இல் அப்பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பார், மரத்தை மாய்க்காமல் பட்டையை மெல்லச் சீவி மீண்டும் மீண்டும் பாலெடுக்கும் முறையை அங்கேதான் சோதித்து வகுத்தார்.

அம்மையார் மாணவியாக இருந்த நாளில் அப்பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியராக விளங்கியவர் அலெக்சாண்டர் ஓப்பன்ஹைம். இவர் 1931இல் சிங்கப்பூர் இராஃபிள்ஸ் கல்லூரிக்கு வந்தவர். சப்பானியர் 1942இல் சிங்கப்பூரைக் கைப்பற்றியபோது போர்க்கைதியானார். கைதிகள் தமக்குள் ஒரு பல்கலைக்கழகம் நடத்தினார்கள்; அதன் தலைவராக இருந்து பாடம் நடத்த ஏற்பாடு செய்தவர் அவரே. பின்னர் அவர் சயாமிற்குக் கைதியாகக் கொண்டு செல்லப்பட்டார். சயாம் என்ற சொல்லைக் கேட்டதும் இங்குள்ள முதியோரின் முகம் மாறுவதைக் காண்கிறோம். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அந்த இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு, மீளாமற்போன வரலாறு உங்கள் குடும்பங்களிலேயே இருக்கிறது. பசியும் நோயும் சூழ்ந்த சிறையிலும் கற்பித்தலைக் கைவிடாத ஒருவர், போருக்குப் பின் மீண்டு வந்து கணிதத் துறையை நடத்திய பல்கலைக்கழகத்தில்தான் அம்மையார் பயின்றார் என்பதை நினைவிற் கொள்வோமாக.

இனி, அம்மையார் ஆராய்ந்தது யாது என்பதைக் காண்போம். கணித வல்லுநர் பலர் புதிய தேற்றங்களைத் தேடிச் செல்வர். அம்மையாரோ பழைய நூல்களைத் தேடிச் சென்றார். பண்டைச் சீனர் எவ்வாறு கணக்கிட்டனர் என்பதே அவருடைய ஆய்வுப் பொருள். இதற்குக் கணித அறிவு மட்டும் போதாது. பழஞ்சீன மொழியறிவும் வரலாற்றறிவும் வேண்டும். மொழியறிந்தார்க்குக் கணக்குத் தெரியாது. கணக்கறிந்தார்க்குப் பழைய மொழி தெரியாது. இரண்டிற்கும் நடுவே இருந்த வேலியைத் தாண்டியவர் அவர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த யாங் ஹுவேய் என்னும் சீன ஆசிரியரின் கணக்கு நூலை மொழிபெயர்த்து ஆராய்ந்து 1977இல் வெளியிட்டார். சீனவியல் அறிஞர் ஆங் தியென் செ அவர்களுடன் இணைந்து, ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முற்பட்ட சுன்சி என்பாரின் கணக்கு நூலை ஆராய்ந்து 1992இல் மற்றொரு நூலை வெளியிட்டார்.

அக்காலச் சீனர் மூங்கில் குச்சிகளைக் கொண்டே கணக்குப் போட்டனர். சீனர் மளிகைக் கடையில் தவுக்கே விரலால் தட்டிய மணிச்சட்டத்தை உங்களில் மூத்தோர் கண்டிருப்பீர்கள். மணிச்சட்டம் பரவுவதற்கு முன் பல நூற்றாண்டுகள் ஆட்சி செய்தவை குச்சிகளே. அந்த முறையைச் சொற்களால் விளக்குவதைவிடச் செய்து காட்டுவதே நன்று. இதோ, வாசலில் இருந்த துடைப்பத்திலிருந்து சில ஈர்க்குகளை உருவி வந்திருக்கிறோம்.

ஒன்றுகளின் இடத்தில் குச்சிகளை நிறுத்தி வைக்க வேண்டும். பத்துகளின் இடத்தில் படுக்க வைக்க வேண்டும். நூறுகளின் இடத்தில் மீண்டும் நிறுத்தி, ஆயிரங்களின் இடத்தில் மீண்டும் படுக்க வைக்க வேண்டும். 32 என்னும் எண்ணுக்கு இடப்பக்கம் மூன்று படுத்த குச்சிகள். வலப்பக்கம் இரண்டு நின்ற குச்சிகள். ஆறு முதல் ஒன்பது வரை, ஐந்துக்கு ஈடாக ஒரு குச்சியை மேலே குறுக்காக வைத்து, மீதியைக் கீழே வைப்பார்கள். ஓர் இடத்தில் ஒன்றுமில்லை என்றால் அவ்விடத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள். 302 என்பதற்கு மூன்று நின்ற குச்சிகள், பிறகு வெற்றிடம், பிறகு இரண்டு நின்ற குச்சிகள். அவ்வளவே!

இப்பொழுது நாம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். தகவல் பணிக்கு வருமுன் நாம் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பாடம் நடத்தினோம். கழித்தல் கணக்கில் 'பக்கத்தில் கடன் வாங்கு' என்று கற்பித்தபோது ஒரு சிறுமி எழுந்து, "சார், கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டாமா? ஒன்று வாங்கினால் எப்படிப் பத்தாகிறது?" என்று கேட்டாள். கடைக் கடன் 555 புத்தகத்தில் ஏறிக்கொண்டே இருந்த வீட்டுப் பிள்ளை அவள். கடன் என்றால் என்ன என்று நம்மைவிட நன்கு அறிந்தவள். நாமோ, "கேள்வி கேட்காதே, சொன்னபடி செய்" என்று கூறி அவளை உட்கார வைத்தோம். அதன் பிறகு அவள் கேட்கவேயில்லை. அடுத்த ஆண்டு பின்வரிசைக்குச் சென்றாள்; சில ஆண்டுகளில் பள்ளியை விட்டும் சென்றாள். அவள் பின்தங்கியதற்கு அறிவுக் குறை காரணம் என்று அன்று எண்ணினோம். இன்று அவ்வாறு எண்ண நம்மால் இயலவில்லை.

அச்சிறுமிக்கு விடை இந்த ஈர்க்குகளில் இருக்கிறது. 32இலிருந்து 7ஐக் கழிக்க வேண்டும். நின்ற குச்சிகள் இரண்டே உள்ளன. ஏழை எடுக்க முடியாது. ஆகவே, படுத்த குச்சி ஒன்றை எடுத்துவிட்டு, அதன் மதிப்புக்கு ஈடாகப் பத்துக் குச்சிகளை ஒன்றின் இடத்தில் சேர்க்கிறோம். இப்போது அங்கே பன்னிரண்டு. ஏழு போக ஐந்து. படுத்தவை இரண்டு. விடை 25. இது கடனன்று, சில்லறை மாற்றுவது! பத்து வெள்ளித் தாளைக் கொடுத்துப் பத்து ஒரு வெள்ளித் தாள்களை வாங்குவது போன்றது. ஒரு துடைப்பத்து ஈர்க்கால் அன்றே இதனைக் காட்டியிருக்கலாம். நாம் கற்ற பயிற்சியில் அது இல்லை, நமக்கும் தோன்றவில்லை. யாங் ஹுவேய் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, மாணவர் பெருக்கல் வாய்பாட்டில் தொடங்கிப் படிப்படியாகக் கற்க வேண்டிய பாடத்திட்டத்தை வகுத்து, வெறும் மனனத்தைவிட முறையை விளங்கிக்கொள்வதே முதன்மை என்று வற்புறுத்தினார் என்பதை அம்மையாரின் ஆய்வு வழியே நாம் அறிகிறோம்.

சுன்சியின் நூலில் உள்ள புகழ்பெற்ற கணக்கு ஒன்றையும் கூறுவோம். இரவில் குடும்பத்துடன் போட்டுப் பாருங்கள். ஒரு கூடையில் சில ரப்பர் விதைகள் உள்ளன. மும்மூன்றாகப் பிரித்தால் 2 மிஞ்சுகின்றன. ஐந்தைந்தாகப் பிரித்தால் 3 மிஞ்சுகின்றன. ஏழேழாகப் பிரித்தால் 2 மிஞ்சுகின்றன. விதைகள் எத்தனை? சுன்சி கூறும் வழி இது: 70ஐ 2ஆலும், 21ஐ 3ஆலும், 15ஐ 2ஆலும் பெருக்கிக் கூட்டினால் 233. அதிலிருந்து 105ஐ இருமுறை கழித்தால் 23. மிகச் சிறிய விடை அதுவே. ஏன் 70? அது ஐந்தாலும் ஏழாலும் மிச்சமின்றி வகுபடும். மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சும். 21க்கும் 15க்கும் இதேபோன்ற காரணத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். இதனோடு உறவுடைய கணக்குகளைத் தீர்க்கும் பொது வழியை நம் நாட்டு ஆரியபட்டர் கி.பி. 499இல் எழுதிய நூலிலும் காண்கிறோம். இன்று கணினி வழியாக இரகசியச் செய்திகளைக் காக்கும் முறைகளிலும் இந்த மீதக் கணக்கு பயன்படுகிறது.

இங்கே ஒரு சர்ச்சையையும் மறைக்காமல் கூற வேண்டும். இன்று உலகம் முழுவதும் வழங்கும் ஒன்பது எண்களும் சுழியமும் இந்தியாவில் பிறந்து, அராபியர் வழியாக ஐரோப்பாவைச் சேர்ந்தன என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அம்மையாரோ, இம்முறையின் மூலம் சீனரின் குச்சிக் கணக்கே என்று வாதிட்டார். பழைய அராபிய நூல்களில் பெருக்கலும் வகுத்தலும் செய்யப்படும் படிமுறை, சுன்சி நூலின் படிமுறையோடு அப்படியே ஒத்திருக்கிறது என்பது அவர் காட்டிய முதன்மைச் சான்று. இதனை முதலில் படித்தபோது நம் உள்ளம் சுருங்கியது. சுழியத்தைத் தந்தவர் நாம் என்று மேடைதோறும் முழங்கியவர்கள் அல்லவா நாம்!

ஆயினும், பெருமை வேறு, சான்று வேறு. அம்மையாரின் முடிவை அறிஞர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. குச்சிக் கணக்கு சீனத்திலிருந்து இந்தியாவிற்குச் சென்றது என்று கூறும் நேரடி ஆவணம் இல்லை என்பர் அவர்கள். சுழியத்தை ஓர் எண்ணாகவே கொண்டு, அதனைக் கூட்டவும் கழிக்கவும் விதி வகுத்தவர் பிரம்மகுப்தர், ஆண்டு கி.பி. 628. சுழியத்தைப் புள்ளியாகப் பொறித்த மிகப் பழைய கல்வெட்டுகளுள் ஒன்று, சக ஆண்டு 605, அதாவது கி.பி. 683ஐக் குறிக்கும் கம்போடியாவின் சம்போர் கல்வெட்டு. சுமத்திராவின் பலெம்பாங் அருகே கிடைத்த தாலாங் துவோ கல்வெட்டு சக ஆண்டு 606ஐக் குறிக்கிறது. அதன் மொழி பழைய மலாய். பாருங்கள்! இந்தியக் கப்பலும் சீனக் கப்பலும் சந்தித்த நம் கடற்பகுதியிலேயே சுழியத்தின் பழைய தடங்கள் கிடைக்கின்றன. யார் யாரிடம் கற்றார் என்னும் வழக்கில் இறுதித் தீர்ப்பு கூறும் தகுதி நமக்கில்லை. ஆனால், ஒருவர் தம் சான்றுகளை வரிசையாக வைத்து வாதிடும்போது, அவர் எந்த இனத்தவர் என்று பாராமல், சான்றைச் சான்றால் எடை போடுவதே அறிவுடைமை. கணிதம் கற்பிக்கும் முதல் ஒழுக்கமும் அதுவே.

அம்மையாரின் உழைப்பை உலகம் அறிந்துகொண்டது. கணித வரலாற்றுக்கென்றே 1974இல் தொடங்கப்பட்ட 'ஹிஸ்டோரியா மேத்தமெட்டிக்கா' என்னும் ஆய்விதழின் இணையாசிரியராக 1990 வரை பணியாற்றினார். அவ்விதழை நிறுவிய கென்னத் மே அவர்களின் பெயரால் நான்காண்டுக்கு ஒருமுறை வழங்கப்படும் உயரிய பரிசு, 2001ஆம் ஆண்டுக்கு, பிரேசில் நாட்டு தம்ப்ரோசியோவுடன் சேர்த்து அம்மையாருக்கும் அளிக்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதற்பெண் அவரே. ஆசியருள் முதல்வரும் அவரே.

தாய்மார்களே! கணக்கு படித்தவர் எல்லாரும் பேராசிரியர் ஆவதில்லை. அது நமக்கும் தெரியும். ஆகவே, உங்கள் பால் வாளிக்கே வருவோம். பல தோட்டங்களில் பாலின் எடையோடு, அதில் உள்ள உலர் ரப்பரின் விழுக்காட்டையும் சேர்த்தே கூலி கணக்கிடப்படுகிறது. ஒருவர் 40 கிலோ பால் கொண்டு வருகிறார் என்று கொள்வோம். விழுக்காடு 30 என்றால் உலர் ரப்பர் 12 கிலோ. 28 என்று குறிக்கப்பட்டால் 11.2 கிலோ. வேறுபாடு ஒரு நாளைக்கு 0.8 கிலோ. மாதத்தில் 25 நாள் வெட்டினால் 20 கிலோ! கிராணியார் வேண்டுமென்றே தவறு செய்வார் என்று நாம் கூறவில்லை. பால் நீர்த்திருந்தால் விழுக்காடு குறைவது இயல்பு. எழுதும் கை தவறுவதும் இயல்பு. ஆனால், தசமப் புள்ளியின் பொருள் அறிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், சீட்டைப் பார்த்து, "அம்மா, இந்த மாதம் விழுக்காடு ஏன் குறைந்தது என்று கேளுங்கள்" என்று சொல்லும். கேட்பது சண்டையன்று. கணக்கறிந்து கேட்பவரை எவரும் எளிதில் அலட்சியம் செய்ய இயலாது.

இன்று பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாகவே மாறிவிட்டன. நாளை உங்கள் பிள்ளைகள் எந்தத் தொழிலில் நுழைவார்கள் என்று நம்மால் கூற முடியாது. எத்தொழிலாயினும் எண்ணறிவு உடன் வரும். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை அடுத்த பியட்டி சாலையில் சிண்டா என்னும் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் இருக்கிறது. இந்தியப் பிள்ளைகள் கல்வியில் பின்தங்கியதைக் கண்டு கவலையுற்ற சமூகம் 1991இல் அமைத்த சங்கம் அது. உழைக்கும் இந்தியரின் ஊதியத்திலிருந்து மாதந்தோறும் சிறு தொகை அதற்குச் சேர்கிறது. பள்ளி நேரத்திற்குப் பின் பிள்ளைகளுக்குக் கணிதம் உள்ளிட்ட பாடங்கள் கற்பிக்கப்படுகின்றன. கூடிச் செய்தால் நம்மாலும் முடியும். இம்மண்டபத்தில் வாரம் இருமுறை மாலையில் விளக்கேற்றி, மேல் வகுப்புப் பிள்ளைகள் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினால், அதற்குப் பெரும் பணம் எதுவும் தேவையில்லை. ஒரு பலகையும் ஒரு கட்டு ஈர்க்கும் போதும்.

அன்று நம்மைக் கேட்ட தாய் இக்கூட்டத்தில் அமர்ந்திருக்கிறார். அம்மா, உங்கள் மகள் என்ன ஆவாள் என்று நம்மால் சொல்ல இயலாது. ஆனால், அவள் 'ஏன்' என்று கேட்டால் தயவு செய்து உட்காரச் சொல்லாதீர்கள். ஒரு பிள்ளையை அவ்வாறு உட்கார வைத்த நாம் இதனைக் கேட்டுக்கொள்கிறோம். உங்களுக்கு விடை தெரியாவிட்டால், துடைப்பத்திலிருந்து சில ஈர்க்குகளை உருவி அவள் கையில் கொடுங்கள். இருவருமாகச் சேர்ந்து அடுக்கிப் பாருங்கள். அடுத்த முறை நாம் வரும்போது, 70க்கும் 21க்கும் 15க்கும் உரிய காரணத்தை அவளே இந்த மேடையில் ஏறி விளக்கட்டும். நாம் கீழே அமர்ந்து கேட்போம்.